ரவை, மருந்து, பெரியப்பா

1990 வாக்கில் நீங்கள் பட்டுக்கோட்டையில் என் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தால், கொஞ்சம் குழம்பித்தான் போயிருப்பீர்கள். திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து பெரியம்மாவின் குரல் வரும்.

''ஏங்க, ரவை தீர்ந்துபோச்சுன்னீங்களே... திருச்சிக்குப் போறப்ப வாங்கிட்டு வந்துடுங்க!''

உப்புமா கிண்டுகிற ரவைக்குத் திருச்சி வரைக்கும் எதற்குப் போக வேண்டும்? மணிக்கூண்டுக்குப் பக்கத்திலேயே பத்து மளிகைக் கடை இருக்கிறதே என்று நீங்கள் யோசிப்பீர்கள். அதற்குள் பெரியப்பாவின் பதில் வந்துவிடும்.

''ஆறாம் நம்பர் ரவை கெடக்கு. மருந்துதான் கம்மி!''

யாருக்கு என்ன வியாதியோ என்று நீங்கள் பதறினால் அதற்கு நாங்கள் பொறுப்பில்லை. எங்கள் வீட்டில் ரவை என்றால் ஈயக் குண்டு. மருந்து என்றால் வெடிமருந்து. என் பெரியப்பாவின் பொழுதுபோக்கு, வீட்டில் உட்கார்ந்து தன் துப்பாக்கிக்குத் தானே தோட்டா கெட்டிப்பது.

சிலர் தபால்தலை சேர்ப்பார்கள். சிலர் ரோஜாவுக்கு ஒட்டுப் போடுவார்கள். என் பெரியப்பா தோட்டா கெட்டித்தார். போன வருஷம் 86 வயதில் அவர் போய்ச்சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்து பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. ''நீதான அவரு கூடவே கெடப்ப'' என்றார் பெரியம்மா. அந்தப் பெட்டியில் இருந்ததைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் அந்தக் கொட்டகையைப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு. தோப்பின் முனையில், தேங்காய் உரிக்கிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, ஓடு வேய்ந்த ஒரு சின்னக் கொட்டகை. கரன்ட் கிடையாது, பெரியப்பா இழுக்க விடவில்லை. விளக்கு, பீடி, தீப்பெட்டி எதுவும் வாசல்படி தாண்டக் கூடாது. பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் வேலை. உள்ளே ஒரு மேஜை. அதன் மேல், தெரிந்த பத்தர் ஒருவரிடம் வாங்கிய கண்ணாடிக் கூண்டு போட்ட பொன் தராசு. இருபது குழி போட்ட ஒரு மரப்பலகை. ஒரு பித்தளை அளவுக் குப்பி. ஒரு வெண்கலக் கிண்ணி. பிறகு, கறுப்பு பைண்டு போட்ட நீள நோட்டு ஒன்று.

கணக்கு நோட்டுதான். தேதி, வரவு, செலவு, இருப்பு. நான் பின்னாளில் பி.காம். படித்தபோது எல்லோருக்கும் பேரேடு புரிய ஒரு செமஸ்டர் ஆனது. எனக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடப்புத்தகம் அந்தக் கொட்டகையில்தான் இருந்தது.

துப்பாக்கி தாத்தா காலத்தது. பர்மிங்ஹாமில் செய்த, 12 போர் இரட்டைக் குழல். இந்த 12 என்பது என்ன கணக்கு தெரியுமா? குழலின் அகலம் 12 மில்லிமீட்டர் என்று நினைத்தால் தப்பு. ஒரு பவுண்டு ஈயத்தை எடுத்து, சமமாகப் பன்னிரண்டு உருண்டை பிடித்தால், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 38 கிராம் வரும். அந்த உருண்டை கச்சிதமாக நுழைகிற குழல் 12 போர். பதினாறு உருண்டை பிடித்தால் 16 போர். அதனால்தான் எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும். இதைப் பெரியப்பா லட்டு பிடிப்பதை வைத்துத்தான் எனக்கு விளக்கினார். ''ஒரு படி மாவுல பன்னெண்டு லட்டு பிடிச்சா பெருசு. இருவது பிடிச்சா சிறுசு. அம்புட்டுதான்டா தம்பி.''

சிறு வயதில் அவர் உள்ளான் சுட்டவர். அறுவடை முடிந்த வயலில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது வருமே, நீள மூக்குக் குருவி, அதேதான். தஞ்சாவூர் ஜில்லா வயல்களில் உள்ளான் சுடுவது வெள்ளைக்கார கலெக்டர்களின் பெரிய பொழுதுபோக்காக இருந்தது. அவர்கள் போன பிறகு மிராசுதார்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். முத்துப்பேட்டைப் பக்கம் சிறவி, கோடிக்கரைப் பக்கம் கொக்கு, நாரை என்று பெரியப்பாவின் கதைகள் நீளும். 1967-ல் கோடிக்கரை சரணாலயமானது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ''அன்னைக்கோட துப்பாக்கி வேட்டையை விட்டுருச்சு'' என்பார். என்னமோ துப்பாக்கிதான் முடிவெடுத்த மாதிரி!

பிறகு எதற்குத் தோட்டா? வௌவாலுக்கு. எங்கள் தோப்பில் தென்னைக்கு நடுவே மாவும் சப்போட்டாவும் உண்டு. ராத்திரியில் பழந்தின்னி வௌவால் கூட்டமாக வந்து இறங்கினால் காலையில் கொட்டைதான் மிச்சம். அந்தச் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் காகம், எலியோடு பழந்தின்னி வௌவாலும் இருந்தது. அதாவது, சுடலாம். 2022-ல் சட்டத்தைத் திருத்தியபோது அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள். நல்லதுதான். வௌவால் இல்லாவிட்டால் மகரந்தச் சேர்க்கை கெட்டுப்போகிற மரங்கள் எத்தனையோ. அது அப்போது எங்களுக்கு யார் சொன்னார்கள்?

கடையில் தோட்டா கிடைக்காமல் இல்லை. புனே பக்கத்தில் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் செய்த 'சக்திமான்' தோட்டாக்களை லைசென்ஸ் கடைகளில் விற்பார்கள். ஆனால் லைசென்ஸில் வருஷத்துக்கு இத்தனை என்று எண்ணிக்கை போட்டிருக்கும். விலையும் அதிகம். பித்தளைக் கூடு ஒருமுறை வாங்கினால் மறுபடி மறுபடி கெட்டிக்கலாம், மிச்சம்தானே என்பது பெரியப்பாவின் வாதம். நான் பி.காம். முடித்த பிறகு ஒருநாள் மனசுக்குள் காஸ்டிங் போட்டுப் பார்த்தேன். தராசு, திருச்சி பஸ் சார்ஜ், அங்கே ஓட்டலில் சாப்பாடு, அவர் செலவழித்த மணிக்கணக்கு... எல்லாம் சேர்த்தால் சுத்த நஷ்டம்.

இது பட்டுக்கோட்டை சமாசாரம் மட்டுமல்ல. அமெரிக்காவில் இந்தப் பொழுதுபோக்கு லட்சக்கணக்கானவர்களுக்கு இருக்கிறது. காரேஜில் ஒரு பிரஸ் மெஷின், ஒரு தராசு, ஒரு நோட்டு. 1943-ல் கலிபோர்னியாவின் ஓரோவில் என்கிற சின்ன ஊரில் தொடங்கிய ஆர்.சி.பி.எஸ். என்ற கம்பெனி இந்தக் கருவிகளை மட்டுமே விற்றுப் பெரிய ஆளானது. அங்கே உள்ளவர்களும் மிச்சம் என்றுதான் ஆரம்பிப்பார்களாம். கடைசியில் மிச்சமாவது ஒன்றுமில்லை, கூடக் கொஞ்சம் சுடுவதுதான் நடக்கிறது என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். தன் கையால் அளந்து, தன் கையால் அடைத்த ஒன்று குறி தப்பாமல் போவதில் ஒரு சுகம். ஊறுகாய் போடுகிறவர்களைக் கேளுங்கள், இதையேதான் சொல்வார்கள்.

(இந்த இடத்தில் ஒரு வார்த்தை. தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும் என்கிறது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவு. சுடுகிற லைசென்ஸ் வேறு, செய்கிற லைசென்ஸ் வேறு. பெரியப்பா இதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவோ, யாரும் அவரைக் கேட்டதாகவோ எனக்கு ஞாபகம் இல்லை. அந்தக் காலம் அப்படி. நீங்கள் இதைப் படித்துவிட்டு எதையும் ஆரம்பிக்காதீர்கள். மீதியையும் படித்தால் ஆரம்பிக்க மாட்டீர்கள்.)

நான்கு வருஷம் நான் அவருக்கு எடுபிடி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொட்டகைக்கு ஓடிவிடுவேன். முதலில் பழைய கூடுகளைத் துடைப்பது மட்டும்தான் என் வேலை. பிறகு அட்டையில் வட்டம் வட்டமாகத் தக்கை வெட்டுவது. பதினோரு வயதில் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. குப்பியால் மருந்து அளந்து போடுகிற வேலை. இன்றைக்கு என் மகனை அந்தக் கொட்டகை இருக்கும் தெருப்பக்கம்கூட விடமாட்டேன். அன்றைக்கு எனக்கு அது ஐ.ஏ.எஸ். பாஸானது மாதிரி!

பெரியப்பாவின் சட்டங்கள் கடுமையானவை. மேஜை மேல் ஒரே ஒரு மருந்து டின்தான் இருக்க வேண்டும். பழைய கறுப்பு மருந்தும் இந்தக் காலத்துப் புகையில்லா மருந்தும் அண்ணன் தம்பி மாதிரி தெரியும். ஆனால் இரண்டுக்கும் வேகம் வேறு. 1884-ல் பால் வியேல் என்ற பிரெஞ்சுக்காரர் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்த பிறகு, பழைய அளவிலேயே புதிய மருந்தைப் போட்டுக் குழலையும் கையையும் வெடிக்கவிட்டவர்கள் பல பேர். நம் நீலகிரி அருவங்காட்டில் 1903-ல் வெள்ளைக்காரன் அமைத்த கார்டைட் தொழிற்சாலை இந்தப் புது வகை மருந்துக்காகத்தான். ''கறுப்பு மருந்து கழுதை. உதைக்கும், ஆனா சொல்லிட்டு உதைக்கும். இது பாம்பு'' என்பார் பெரியப்பா.

இரண்டாவது சட்டம்: வேலை நேரத்தில் பேச்சு கிடையாது. மூன்றாவதுதான் முக்கியம். அன்றைக்கு எத்தனை தோட்டாவோ அத்தனை அளவு மருந்தைத்தான் டின்னிலிருந்து வெண்கலக் கிண்ணிக்கு எடுக்க வேண்டும். பலகையில் இருபது கூடு. கிண்ணியில் இருபது அளவு. கடைசிக் கூட்டுக்குப் போட்டு முடித்ததும் கிண்ணி காலியாக இருக்க வேண்டும். கிண்ணியில் மிச்சம் இருந்தால் ஏதோ ஒரு கூட்டுக்கு மருந்து போகவில்லை. கிண்ணியில் பத்தாமல் போனால் ஏதோ ஒன்றில் இரண்டு முறை போய்விட்டது. இரண்டில் எது நடந்தாலும் இருபதையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சரியாக இருந்தால் மட்டும் நோட்டில் 'செலவு 20' என்று எழுதலாம்.

''கிண்ணியைப் பாத்துட்டு எழுது. எழுதிட்டுக் கிண்ணியைப் பாக்காத'' என்பார்.

அவரைத் தேடி எப்போதாவது ஒரு பெரியவர் வருவார். நரிக்குறவர் இனத்தைச் சேர்ந்தவர். தோளில் ஆளுயர நாட்டுத் துப்பாக்கி. வாய் வழியாக மருந்து போட்டு, துணியோ காகிதமோ வைத்துக் கம்பியால் குத்தி, ரவை போட்டு, மறுபடி அடைத்து, கேப் வைத்துச் சுடுகிற வகை. அந்த மக்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்துக்கு நேரம் கிடைத்தது. அன்றைக்கெல்லாம் திண்ணையில் உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். ஆனால் கொட்டகைக்குள் வந்துவிட்டால் அவர் குரு, பெரியப்பா சிஷ்யர். அவருடைய குத்துக்கம்பியில் ஒரு கோடு கீறியிருக்கும். குழலுக்குள் கம்பியை விட்டால் கோடு வாயோடு நிற்க வேண்டும். கோடு மேலே தெரிந்தால் உள்ளே ஏற்கெனவே மருந்து கெட்டித்திருக்கிறது.

''உள்ள என்ன இருக்குன்னு கம்பியைக் கேளு சாமி. மனசைக் கேட்டா பொய் சொல்லும்'' என்றார் ஒருமுறை என்னிடம்.

அவர் சொன்னதில் எத்தனை உண்மை என்பது எனக்குப் பல வருஷம் கழித்து, வேறொரு கட்டுரைக்காக அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் படித்தபோது தெரிந்தது. 1863-ல் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்து களத்தில் கிடந்த துப்பாக்கிகளைப் பொறுக்கினார்கள். இருபத்தேழாயிரத்துக்கும் மேல். அதில் பெரும்பாலானவை கெட்டித்த நிலையிலேயே கிடந்தனவாம். பலவற்றில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு, மூன்று முறை கெட்டித்திருந்தார்கள். ஒன்றில் 23 முறை! சத்தத்திலும் அவசரத்திலும் தன் துப்பாக்கி வெடித்ததா இல்லையா என்பதே அந்தச் சிப்பாய்க்குத் தெரியவில்லை.

அவசரம். அந்த வார்த்தைக்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன்.

1992 மே மாதம். முந்தைய வருஷம் ஜூன் மாதத்தில் தேர்தல். வழக்கம்போல லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். துப்பாக்கி திரும்பி வருவதற்குள் மாம்பழ சீசனே முடிந்துபோயிருந்தது. அதனால் இந்த வருஷம் பெரியப்பா ரொம்ப உற்சாகமாக இருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருபது தோட்டா கெட்டிக்கலாம் என்று உட்கார்ந்தோம்.

வெள்ளிக்கிழமை என்றால் உங்களில் நாற்பது வயது தாண்டியவர்களுக்குப் புரியும். தூர்தர்ஷனில் 'ஒளியும் ஒலியும்'. பக்கத்து வீட்டு டி.வி. முன்னால் முன்வரிசையில் இடம் பிடிக்க வேண்டுமென்றால் சீக்கிரமே போக வேண்டும். எனக்குக் கை மேஜையிலும் கண் வாசலிலும் இருந்தது. நடுவில் பெரியப்பாவை யாரோ கூப்பிட, தேங்காய் வியாபாரி என்று நினைக்கிறேன், எழுந்து போனார். ''நீ போட்டு முடி. நான் வந்து தக்கை வைக்கிறேன்'' என்றார்.

போட்டு முடித்தேன். கிண்ணியைப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் மருந்து மிச்சமிருந்தது. குப்பியில் எடுத்துப் பார்த்தேன். சரியாக ஓர் அளவு.

சட்டப்படி இருபதையும் கொட்டியிருக்க வேண்டும். குறைந்தது ஒவ்வொரு கூடாக எட்டிப் பார்த்திருக்க வேண்டும். கொட்டகைக்குள் வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. பெரியப்பா எடுக்கும்போதே தவறிப்போய் ஓர் அளவு கூட எடுத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்கு வருஷத்தில் ஒருநாளும் அவர் அப்படி எடுத்ததில்லை என்பது எனக்குத் தெரியாதா என்ன? மிச்சத்தை டின்னில் திரும்பக் கொட்டினேன். நோட்டைத் திறந்து 'செலவு 20' என்று எழுதினேன். கிண்ணியைத் துடைத்துக் கவிழ்த்தேன்.

''சரியா இருந்துச்சாடா?''

''சரியா இருக்கு பெரியப்பா.''

அவர் உட்கார்ந்து இருபது கூட்டிலும் தக்கை வைத்தார். நான் ஓடிவிட்டேன். அன்றைக்கு என்ன பாட்டு போட்டார்கள் என்று எவ்வளவு யோசித்தாலும் எனக்கு ஞாபகம் வருவதில்லை.

மறுநாள் இருட்டுகிற நேரம். தோப்பில் அவர் முன்னால், நான் பின்னால் டார்ச்சோடு. இரண்டு தோட்டா நன்றாக வெடித்தது. மூன்றாவது 'டமார்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'புஸ்' என்று ஒரு சத்தம். தீபாவளிக்குப் பொட்டு வெடி நமுத்துப்போனால் வருமே, அந்த மாதிரி.

என்ன நடந்தது என்று இப்போது சொல்கிறேன். மருந்தில்லாத தோட்டா. கேப் மட்டும் வெடித்து, அந்தச் சின்ன வேகத்தில் தக்கையும் ரவையும் குழலுக்குள் கொஞ்ச தூரம் நகர்ந்து அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. இதில் ஆபத்து அந்தத் தோட்டாவில் இல்லை. அடுத்ததில். பின்னாலிருந்து வருகிற வேகத்துக்கு முன்னால் வழியில்லை.

பெரியப்பாவுக்கு இது தெரியாததில்லை. துப்பாக்கியை மடக்கி, கூட்டை எடுத்துவிட்டு, குழல் வழியாக வானத்தைப் பார்ப்பார். வட்டமாக வெளிச்சம் தெரிந்தால்தான் அடுத்தது. எப்போதும் பார்ப்பார். அன்றைக்கும் மடக்கினார், கூட்டை எடுத்தார். அப்போது நான், ''பெரியப்பா, அங்க அங்க! பெரிய கூட்டம்!'' என்று கத்தினேன். அவர் அப்படியே அடுத்ததைப் போட்டு நிமிர்த்தினார்.

வலது குழல், கைப்பிடி மரத்துக்குச் சற்று முன்னால், வாழைப்பூ மாதிரி விரிந்துபோனது.

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் பதினேழு நாள். இடது கையில் கடைசி இரண்டு விரல் போனது. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. ''பழைய குழலுங்க. உள்ள அரிச்சிருக்கும் போல. நான்தான் பாக்காம விட்டுட்டேன்'' என்றார் பெரியப்பா. கட்டில் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். என்னை அவர் பார்க்கவில்லை. போலீஸ்காரர் போன பிறகு, ''தம்பிக்கு ஆரஞ்சு உரிச்சுக் கொடு'' என்றார் பெரியம்மாவிடம்.

அதற்குப் பிறகு அவர் துப்பாக்கி வாங்கவில்லை. உடைந்ததை முறைப்படி ஒப்படைத்து, லைசென்ஸையும் ரத்து செய்யச் சொல்லித் தானே எழுதிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எடுப்பதில்லை. வௌவால்கள் பாட்டுக்கு வந்தன, தின்றன, போயின. இரண்டு விரல் இல்லாத கையால் பெரியப்பா மாங்காய் பறித்தார், மாடு கட்டினார், எனக்குக் கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் நான் அந்தக் கையைப் பார்ப்பேன். பார்க்காத மாதிரியும் இருப்பேன்.

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்ததுண்டு. 2000-ல் பி.காம். ரிசல்ட் வந்த அன்றைக்கு இனிப்போடு போய் நின்றேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தீர்மானம். அவர் லட்டை வாயில் போட்டுக்கொண்டு, ''கணக்குப்பிள்ளை ஆயிட்ட! கிண்ணியைப் பாத்துட்டு எழுதணும், தெரியுமுல்ல?'' என்று சிரித்தார். எனக்குத் தொண்டை அடைத்துப்போனது. சாதாரணமாகத்தான் சொன்னார், அது அவர் வழக்கமாகச் சொல்கிற வசனம்தானே என்று என்னைத் தேற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். நான் கணக்குப்பிள்ளை ஆகவில்லை. பத்திரிகைக்காரன் ஆனேன். இங்கேயும் பார்த்துவிட்டு எழுத வேண்டும், எழுதிவிட்டுப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் எப்போதும் அப்படி இருந்தேன் என்று சொல்ல மாட்டேன்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது எங்கள் பக்கத்தில் தென்னை எதுவும் மிஞ்சவில்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொட்டகையின் ஓடெல்லாம் பறந்து, ஒரு சுவரும் விழுந்தது. பெரியப்பா தோப்பை நடந்து பார்க்கவே ஒரு வாரம் ஆயிற்று. ஆனால் மறுநாளே ஆளைவிட்டு அந்தத் தகரப் பெட்டியை மட்டும் வீட்டுக்குள் தூக்கிவரச் சொன்னார் என்று பெரியம்மா சொன்னார். அதன் பிறகு அது பரண் மேல்தான் இருந்தது.

இடையில் ஒரே ஒரு முறை, 2024-ல், அவர் வாயிலிருந்து துப்பாக்கி என்கிற வார்த்தையைக் கேட்டேன். பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் போட்டியில் பிருத்விராஜ் தொண்டைமான் கலந்துகொண்டார். பக்கத்துப் புதுக்கோட்டை ராஜ குடும்பத்துப் பிள்ளை. அதுவும் 12 போர்தான். பறந்து போகிற களிமண் தட்டைச் சுட வேண்டும், முதல் சுற்றில் மட்டும் 125 தட்டு. தோட்டாவில் ரவை 24 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதையெல்லாம் நான் போனில் விளக்கிக்கொண்டிருந்தேன்.

''துப்பாக்கியைத் தூக்குறதுக்கு முன்ன குழலைப் பாக்குறானா?'' என்று கேட்டார்.

''பாக்குறாருன்னுதான் நினைக்கிறேன் பெரியப்பா.''

''ம். பாக்கணும்'' என்றார். அதோடு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அதற்கு இரண்டு மாசம் கழித்துத்தான் போனார்.

பெட்டியைத் திறந்தேன். மருந்தோ கேப்போ எதுவும் இருக்குமோ என்று எனக்குப் பயம். இல்லை. துடைத்து அடுக்கிய பித்தளைக் கூடுகள், மரப்பலகை, குப்பி, கிண்ணி, கண்ணாடி உடைந்த தராசு. எல்லாவற்றுக்கும் அடியில் கறுப்பு நோட்டு.

கடைசிப் பக்கத்துக்குப் போனேன். வெள்ளிக்கிழமைத் தேதி. 'செலவு 20.' என் கையெழுத்து. பன்னிரண்டு வயசுக் கோணல் எழுத்து. அதற்குக் கீழே ஏறக்குறைய ஒரு மாசம் கழித்து ஒரு தேதி. பெரியப்பாவின் கையெழுத்து, வலது கை என்பதால் கொஞ்சமும் மாறாமல் அதே நிதானத்தோடு:

'இருப்பு எடை போட்டது. 1 அளவு கூடுதல்.'

அதற்கும் கீழே, 'மருந்து, கேப் திருச்சி கடையில் திருப்பிக் கொடுத்தது. இருப்பு இல்லை.' பிறகு பக்கத்தின் குறுக்கே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு. கணக்கு முடிந்தால் நாம் போடுவோமே, அந்த இரட்டைக் கோடு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கட்டுப் போட்ட கையோடு, ஒற்றைக் கையால் டின்னைத் தராசில் ஏற்றி இறக்கி எடை போட்டிருக்கிறார். டின்னில் இருக்க வேண்டியதைவிட ஓர் அளவு அதிகம் இருந்திருக்கிறது. அது எப்படித் திரும்ப டின்னுக்குள் போயிருக்கும் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. முப்பத்திரண்டு வருஷம்.

நோட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியவில்லை. பெரியம்மா காபியோடு வந்தார்.

''என்னடா இருக்கு அதுல?''

''பழைய கணக்கு பெரியம்மா.''

''எடுத்துக்க. யாரு படிக்கப் போறா? அந்தக் கிண்ணியை மட்டும் வச்சிட்டுப் போ. வெண்கலம்.''

''அது வேணாம் பெரியம்மா. மருந்து வச்சிருந்தது.''

''கழுவுனாப் போச்சு'' என்று வாங்கிக்கொண்டு போனார். கொல்லைப்புறத்தில் புளி போட்டு அதைத் தேய்க்கிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.